வேலூரிலிருந்து ஒரு சோதனை இசை மாலைக்கு: போவது முதல் கேட்பது வரை முழு வழிகாட்டி

மேடை என்று தனியாக எதுவும் இருக்காது. ஒரு மேசை, அதன்மேல் ஒலிகளைக் கலக்கும் மிக்சர், பின்னிக் கிடக்கும் ஒயர்கள், ஒரு லேப்டாப். பக்கத்தில் ஒருவர் சாக்ஸபோனோடு நிற்பார். இன்னொருவர் கிடாரைப் படுக்க வைத்துக் கம்பிகளுக்கு நடுவே ஸ்பூனைச் செருகிக்கொண்டிருப்பார். விளக்கு மங்கும். வணக்கம்கூடச் சொல்லாமல் மெல்லிய இரைச்சல் ஒன்று கிளம்பும். ஐந்து நிமிடம் கழித்தும் அதே இரைச்சல்தான். என் அக்கா மகனை முதல்முறை கூட்டிப்போனபோது அவன் என் காதருகே குனிந்து, "மாமா, இன்னும் மைக் டெஸ்ட்தான் பண்றாங்களா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. எக்ஸ்பெரிமென்டல் மியூசிக் என்ற சோதனை இசை அப்படித்தான் தொடங்கும். காட்பாடியில் ரயில் ஏறும்போதே அவனுக்குச் சில விஷயங்களை நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டவற்றோடு, பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது

1948இல் பாரிஸில் பியர் ஷெஃபர் என்ற வானொலிப் பொறியாளர், ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின், சக்கர, விசில் சத்தங்களை வெட்டி, அடுக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு இசையாக்கினார். ஸ்வரம் மட்டுமல்ல, எந்தச் சத்தமும் இசைக்குக் கச்சாப் பொருள்தான் என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. 1965இல் லண்டனில் ஏ.எம்.எம். என்ற குழு, எழுதிவைத்த பாட்டும் பேசிவைத்த தாளமும் இல்லாமல் கூடி வாசிக்கத் தொடங்கியது. கிடாரை மேசைமேல் படுக்க வைத்தவர் அந்தக் குழுவின் கீத் ரோ. முதலாவது பாதையை எலெக்ட்ரானிக் இசை என்றும் இரண்டாவதை இம்ப்ரோவைசேஷன் என்றும் சொல்கிறோம். இன்று பெரும்பாலும் இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். 1969இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியை வைத்து ஒரு ஸ்டுடியோ அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். இந்த கீதா சாராபாய்தான் 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அந்த ஸ்டுடியோவின் டேப்புகள் நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்துவிட்டு 2023இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒன்று ஐம்பது வருடம் நம் காதில் விழாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

வட ஆற்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இசை அவ்வளவு அந்நியமும் இல்லை. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் ஊர்கள் நம்முடையவை. கட்டியங்காரன் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து அந்த நிமிடத்தில் ஒரு வசனத்தைப் போடுவான். அதை மிருதங்கக்காரர் பிடித்துக்கொள்வார், முகவீணை ஒரு இழுப்பு இழுக்கும். அது எந்த ஏட்டிலும் இல்லாதது. நாதஸ்வரத்தில் ராக ஆலாபனையும் அப்படித்தான், அடுத்த பிடி எது என்று வாசிப்பவருக்கே அப்போதுதான் தெரியும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: நம் வித்வானுக்கு ராகம் ஒரு வரப்பு. இந்த மாலைகளில் வாசிப்பவர்கள் பல நேரம் அந்த வரப்பையும் எடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அப்போது அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்பதுதான்.

போவதற்கு முன்: காதைப் பழக்குதல்

இரண்டு வாரம் போதும், செலவு கிடையாது.

உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி சந்தடி அடங்கியதும் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விரிந்து சுருங்குவதால் அந்த 'ம்ம்ம்' சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டை சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் ஏறக்குறைய அந்த இடம்தான், ஒரு இழை மேலே. எலெக்ட்ரானிக் தம்பூராவை ஐந்து கட்டையில் வைத்துவிட்டு வெளியே வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்த நாளிலிருந்து எந்த மின்சாதனமும் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கவில்லை.

அடுத்தது விம்மல். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்திருப்பீர்கள்: கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கும். ஒரு போனில் 200 ஹெர்ட்ஸ், இன்னொரு போனில் 202 ஹெர்ட்ஸ் ஓடவிட்டால் வினாடிக்கு இரண்டு விம்மல் கேட்கும். இதற்கு இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. தம்பூரா சுருதி சேர்ப்பவர்கள் இந்த விம்மலைக் கேட்டு அதை இல்லாமல் ஆக்குகிறார்கள். நீங்கள் போகப்போகும் மாலையில் ஒருவர் அதையே அரை மணி நேரம் வளர்க்கலாம்.

மூன்றாவது பயிற்சிக்குக் காட்பாடி ஜங்ஷன் போங்கள். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சரக்கு ரயில் வந்து கடந்து போகும்வரை கண்ணை மூடிக் கேளுங்கள். தூரத்தில் தண்டவாளம் சிலிர்ப்பது, எஞ்சினின் உறுமல், பெட்டி பெட்டியாகத் தட்டும் கணக்கு, கடைசிப் பெட்டி போனதும் விழும் அந்த வெற்றிடம். ஷெஃபர் மைக்கோடு போய் நின்றதும் இப்படி ஓர் இடத்தில்தான்.

எங்கே நடக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது

வேலூரில் நான் கேட்டதெல்லாம் நண்பர்கள் வீட்டு மாடியில்தான். அரங்க நிகழ்ச்சி வேண்டுமென்றால் கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டையும் அலியான்ஸ் பிரான்சேஸையும் தொடர்ந்து கவனியுங்கள். பெங்களூருவில் இந்திரா நகர் கோத்தே, டொம்லூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர். இந்த அமைப்புகளின் இணையதளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் அறிவிப்பு வரும், பல நேரம் ஓரிரு வாரம் முன்னால்தான்.

அறிவிப்பில் எக்ஸ்பெரிமென்டல், இம்ப்ரோவைஸ்டு, நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது), டிரோன் (நீண்டு ஒலித்து மெதுவாக மாறும் சத்தம்), மாடுலர் (தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைக்கும் சின்தசைசர்), லைவ் கோடிங் (அங்கேயே நிரல் எழுதி ஒலி எழுப்புவது) என்ற சொற்கள் இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை: நாய்ஸ் மட்டும் போட்டிருக்கும் நிகழ்ச்சியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன், வயலின், மிருதங்கம் என்று கையால் வாசிக்கும் கருவி ஒன்றும் எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் சேர்ந்திருக்கும் மாலையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு ஒரு பிடிமானம் இருக்கும். அனுமதி இலவசம் என்று போட்டிருந்தாலும் முன்பதிவு கேட்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பயணம்

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கி.மீ., பெங்களூரு சுமார் 230 கி.மீ. மாலை ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்கெல்லாம் அந்த ஊரில் இருப்பது மாதிரி கிளம்புங்கள். பெங்களூருவில் கே.எஸ்.ஆர். நிலையத்தில் இறங்கினால் பர்ப்பிள் லைன் மெட்ரோ நேராக இந்திரா நகர் போகிறது.

திரும்புவதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து மங்களூர் மெயில், காவேரி எக்ஸ்பிரஸ், பெங்களூர் மெயில் எல்லாம் இரவில் காட்பாடி வழியாகப் போகிறவை. நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்து, இருப்பதில் கடைசியாகக் கிளம்பும் ரயிலில் டிக்கெட் போடுங்கள். நான் முதல்முறை போனபோது சீக்கிரம் கிளம்பும் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டு, இருபதாவது நிமிடத்தில் எழுந்து ஓடினேன். அதுவரை தனித்தனியாகத் திரிந்த இரண்டு வாசிப்பாளர்கள் அப்போதுதான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்திருந்தார்கள். கதவு மூடிய பிறகும் அந்தச் சத்தம் படிக்கட்டுவரை வந்தது. ரயிலில் தூங்குவதானால் அலாரம் வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் காட்பாடி வந்துவிடும்.

பையில் என்ன

தண்ணீர், ஏ.சி.க்கு ஒரு துண்டோ முழுக்கைச் சட்டையோ, சின்ன நோட்டு, பேனா. முக்கியமாகக் காதடைப்பான். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். அதை விரலால் மெல்லிய திரி போல உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். மேலோட்டமாகச் செருகினால் பயன் இல்லை.

இதில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெங்களூருவில் ஒரு சின்ன அறையில் ஸ்பீக்கருக்கு நான்கடி தூரத்தில், அடைப்பான் இல்லாமல், முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த இரண்டு நாள் காதில் 'ஞொய்' என்று ஓயாத சத்தம். நல்லவேளையாக அது போய்விட்டது, போகாமலே இருந்துவிடுவதும் உண்டு. அதற்குப் பிறகு பையில் எப்போதும் இரண்டு ஜோடி இருக்கும், ஒன்று பக்கத்தில் உட்காருபவருக்கு.

எங்கே உட்காருவது

வாசிப்பவர்களின் கை தெரிய வேண்டும், ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது. இரண்டாவது மூன்றாவது வரிசையின் நடுப்பகுதி எனக்குப் பிடித்த இடம். நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்திருந்தால் அறையின் மையத்துக்குப் போய்விடுங்கள், சத்தம் உங்களைச் சுற்றி நடப்பது அங்கேதான் தெரியும். கனமான தாழ்சுருதிச் சத்தங்களை நெஞ்சிலும் வயிற்றிலும் உணர்வீர்கள், அம்மன் திருவிழாவில் மேளத்தின் அருகே நின்றவர்களுக்கு அது புதிதல்ல. போனைச் சைலன்ட்டில் வைத்தால் மட்டும் போதாது, விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நுண்ணிய மைக்குகளில் போன் அலை புகுந்து கரகரக்கும்.

கேட்பது

பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்காதீர்கள். அது தொடங்கிவிட்டது.

ஒருமுறை ஒரு டிரோன் பதிவை வீட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாவு இன்னும் பதமாகல" என்றும் சொன்னாள். இந்த இசையைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடத் துல்லியமான பேச்சு இல்லை. அரிசி நொறுங்கும்போது ஒரு சத்தம், பாதி அரைபட்டபின் ஒரு சத்தம், பதம் வந்ததும் கல் வழுக்கிக்கொண்டு சுற்றும் சத்தம். பக்கத்து அறையில் இருந்தபடியே அதை வைத்து ஸ்விட்சை அணைக்கத் தெரிந்தவளுக்கு, மெதுவாக மாறும் ஒலியைப் பின்தொடர யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அரங்கில் அதே காதைத்தான் பயன்படுத்த வேண்டும். முதல் நிமிடத்துச் சத்தத்தை மனதில் பதித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து ஒப்பிடுங்கள். மாறவே இல்லை என்று தோன்றிய ஒன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

சத்தத்துக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். பாலாற்று மணலைச் சலிப்பது போல இருக்கிறதா, தகரத்தை இழுப்பது போலவா, எண்ணெயில் கடுகு வெடிப்பது போலவா? பெயர் வைத்த சத்தம் மறுபடி வரும்போது அடையாளம் தெரியும், அப்போது அந்த மாலைக்கு ஒரு வடிவம் இருப்பதும் தெரியும்.

பிறகு ஆட்களைப் பின்தொடருங்கள். ஐந்து நிமிடம் ஒருவரை மட்டும், அடுத்த ஐந்து நிமிடம் மற்றவரை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, கணக்கு முடிக்கும் இடத்தில் கோர்வையில் சேர்வதைக் கேட்டிருப்பீர்கள். இங்கே சேரும் இடம் முன்கூட்டியே கிடையாது. ஒருவர் போட்டதை மற்றவர் பிடிக்கலாம், எதிர்க்கலாம், விட்டுவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் சும்மா இருப்பவரைத்தான் நான் மிகவும் கவனிப்பேன். அவர் ஓய்வெடுக்கவில்லை, நுழையும் இடத்தைத் தேடுகிறார்.

சில சத்தங்களின் சூட்சுமம் தெரிந்திருந்தால் ரசனை கூடும். திருவிழா மைக்செட் 'கூ...' என்று ஊளையிட்டால் ஆபரேட்டர் ஓடி வருவார். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வரும் சுழல்தான் அது. இந்த மேடைகளில் அந்தச் சுழலை வேண்டுமென்றே உண்டாக்கி, மைக்கை அரை அடி நகர்த்தி அதன் சுருதியை மாற்றுவார்கள். ஜப்பானின் தோஷிமாரு நகமுரா இன்னும் ஒரு படி போய், மிக்சரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, மைக்கும் கருவியும் இல்லாமல் மிக்சரையே வாசிக்கிறார். அதுபோல மேசையில் மிக்சர் மட்டும் இருந்தால் குமிழ்களைத் திருப்பும் விரல்களைப் பாருங்கள், ஒரு மயிரிழை திருப்பத்தில் சத்தம் முழுதாகக் கவிழும்.

லைவ் கோடிங் என்றால் வாசிப்பவரின் திரை சுவரில் விழும். டைடல் சைக்கிள்ஸ், சோனிக் பை போன்ற நிரல்மொழிகளில் அவர் அப்போதே எழுதுவது ஒலியாக மாறும். எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. எந்த வரியைத் தொட்டபோது எந்தச் சத்தம் மாறியது என்று பார்த்தாலே போதும், கொஞ்ச நேரத்தில் அவருக்கு முன்பே நீங்கள் ஊகிப்பீர்கள்.

சலிப்பு வரும். எனக்கு இப்போதும் வருகிறது, அனேகமாகப் பதினைந்தாவது நிமிடத்தில். அப்போது எழுந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரை விட்டுவிட்டு அறையைக் கேளுங்கள்: ஏ.சி. சத்தம், நாற்காலி முனகல், வெளியே ஆட்டோ ஹாரன். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் காது கழுவிவிட்டது போல இருக்கும். அப்படியும் ஒன்றும் ஒட்டாத மாலைகள் உண்டு. முன்னேற்பாடு இல்லாமல் வாசிக்கிறவர்களுக்கு எல்லா நாளும் அமைந்துவிடாது, அதை மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். காது வலித்தால் மட்டும் தயங்காமல் வெளியே வந்துவிடுங்கள், சத்தம் குறைவான இடத்தில் அல்ல, பெருத்த இடத்தில் நழுவினால் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

கைதட்டல் பற்றி ஒரு வரி: நடுவில் வேண்டாம். சத்தம் நின்றதும் தட்டாதீர்கள், அந்த அமைதியும் வாசிப்பின் பகுதியாக இருக்கலாம். கை கருவியை விட்டு இறங்கி, வாசித்தவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்ததும் தட்டுங்கள்.

முடிந்த பிறகு

உடனே ஓடாதீர்கள். இந்தக் கலைஞர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பேசக்கூடியவர்கள். மேசை அருகே போய், "அந்த மணல் கொட்டுவது போன்ற சத்தம் எதிலிருந்து வந்தது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பெயர் வைத்தது இங்கே கைகொடுக்கும். தொடாமல் பாருங்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். அக்கா மகன் அன்று ஒரு சின்னப் பித்தளைத் தகட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டான். வாசித்தவர் அதை அவன் கையில் வைத்து, அவன் சட்டைப் பட்டனை அதன்மேல் உரசச் சொன்னார். அரங்கம் முழுக்கக் கரகரத்தது. அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அது பியசோ தகடு. அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு ஒயரை ஒரு ஜாக்கில் பற்றவைத்தால் காண்டாக்ட் மைக் தயார். காற்றில் வரும் சத்தத்தை அது அவ்வளவாக எடுக்காது, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வை எடுக்கும். நாங்கள் வேலூர் திரும்பிய வாரமே அதைப் பித்தளைக் குடத்தில் ஒட்டித் தண்ணீர் ஊற்றிக் கேட்டோம், பிறகு இரும்பு கேட்டில், பிறகு கிரைண்டரில்.

அடுத்த மாதம் மாடியில் ஆறு பேர் கூடினோம். நீங்களும் கூடுவதானால் சில யோசனைகள். சித்திரை வெயிலில் மாடித் தரை இரவு எட்டு மணிக்கும் சுடும், முன்கூட்டித் தண்ணீர் தெளித்துப் பாய் போடுங்கள். கருவியும் ஒயரும் வைக்கும் இடத்தை மட்டும் நன்றாகக் காயவிடுங்கள். பக்கத்து வீட்டில் முதல்நாளே சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாங்கள் ஒன்பதரைக்கே ஆம்ப்ளிஃபயரை அணைத்தோம். அதன்பிறகு கேட்டில் ஒட்டிய தகட்டை மிக்சரில் செருகி, அதன் ஹெட்போனை ஒருவர் மாற்றி ஒருவர் காதில் வைத்துக்கொண்டோம். அம்மாவின் முறை வந்தபோது தெருவில் ஒரு லாரி போனது. கேட்டின் கம்பிகள் அதை வாங்கி நெடுநேரம் முனகின. ஹெட்போனைக் கழற்றாமலே எங்களைப் பார்த்துப் பேசாமல் இருங்கள் என்று அவள் கை காட்டினாள்.